ஊரடங்கு நாட்களில் புழக்கடைத் தோட்டம்

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல், கரும்பு, வாழை, மஞ்சள் விளைகிற ஊர் எங்களுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதான். அப்படிப்பட்ட ஊரில், 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ஒரு வாரம் ஆவதற்குள், பாதி வீடுகளில் குழம்பில் போடக் காய் இல்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

மார்ச் 22-ந் தேதியே முதலில் அடைக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் ஈரோடு இருந்தது. 25-ந் தேதியிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. பல்கலைக்கழகம் மூடப்பட்டதால் நான் கோவையிலிருந்து ஊருக்கு வந்து தங்கினேன். விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதைக் கைபேசியிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். தொடர்ந்தாற்போல் இரண்டரை மாதம் ஊரில் இருந்தது, படிக்கப் போன நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த நாட்களில் கண்டவற்றில் சிறு விவசாயக் குடும்பங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

விளைச்சல் இருந்தும் காய் இல்லை

விவசாய வேலைகளுக்கு மார்ச் 27-ந் தேதியே விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. களை எடுக்கலாம், அறுவடை செய்யலாம், உரக்கடை திறக்கலாம். ஆனால் லாரி இல்லை, சுமை ஏற்றுகிறவர் இல்லை, ஏலம் இல்லை. வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் மூட்டைகள் திண்ணையில் கிடந்தன. கதளியும் நேந்திரனும் மரத்திலேயே பழுத்து அணில் தின்றது. சத்தியமங்கலம் பக்கம் கோயிலும் கல்யாணமும் இல்லாததால் மல்லிகையைப் பறிக்க ஆள்விட்டால் கூலிக்குக் கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிட்டார்கள். வட மாவட்டங்களில் தர்ப்பூசணி வயலிலேயே அழுகியது. மே 5-ந் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, சில நாட்களில் திருமழிசைக்கு மாற்றியபோது, அதை நம்பிக் காய் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தவித்ததையும் நாம் அறிவோம்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், அதே விவசாயியின் வீட்டில் காய் இல்லை. ரேஷனில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை கிடைத்தன. அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் கிடைத்தது. காய் யாரும் கொடுக்கவில்லை. நகரங்களில் உழவர் சந்தையைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றி விற்றார்கள். நடமாடும் காய்கறி வண்டிகளும் தெருத்தெருவாகப் போயின. எங்கள் ஊர் போன்ற ஊர்களுக்கு வாரச் சந்தைதான் எல்லாம். சந்தை நின்றது, பஸ் நின்றது. அத்துடன் தக்காளியும் கத்தரியும் நின்றன.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் வயல் வரப்பில் துவரையும், எருக்குழி ஓரத்தில் அரசாணியும் (பிற மாவட்டங்களில் பரங்கி என்பார்கள்), கூரையின் மேல் சுரையும், வேலியில் பீர்க்கனும் தாமாகவே இருந்தன. அவற்றை யாரும் தோட்டம் என்று சொல்லவில்லை. கூரை போய்க் காரை வந்தது. எருக்குழி இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறோம். வரப்பு இயந்திரம் திரும்புவதற்காகக் குறுகியது; களைக்கொல்லி அடிக்கிற வரப்பில் துவரை எங்கே நிற்கும்? பொடக்காணிக்குச் சிமெண்டு போட்டாயிற்று. பயிர் ஒன்றாகவும் பணம் ஒன்றாகவும் ஆனபின், கறிவேப்பிலை கூடக் காசுக்கு வாங்குகிற பொருளாகிவிட்டது.

எங்கள் பெரியம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாவது நாளாகப் பருப்புக் குழம்பு வைத்த மருமகளைத் திட்ட மனம் வராமல் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங் கண்ணு, வாய்க்கா ஓரத்துல குடியிருந்துக்கிட்டுக் கொத்தவரங்காய்க்குச் சந்தையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறோமே, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார். "விதைக்கடை தொறக்கட்டுங்க பெரியம்மா, வாங்கிப் போட்டுரலாம்" என்றேன். "வெதைக்கு எதுக்குக் கடை? அஞ்சறைப் பெட்டியத் தொறந்தா ஆச்சு" என்றார். அவர் சொன்னபடியே தொடங்கினோம்.

சமையலறையில் கிடைக்கும் விதை

தோட்டம் போட நினைக்கிறவர்கள் முதலில் விதைப் பொட்டலத்தைத் தேடுவார்கள். உண்மையில் பாதி விதை வீட்டிலேயே இருக்கிறது. வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவினால் 25 நாளில் கீரையாகப் பறிக்கலாம். மல்லியை அப்படியே போட்டால் முளைப்பு குறையும்; செருப்பின் அடியாலோ கட்டையாலோ இலேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாளுக்கு மேலாகும், அவசரப்படக் கூடாது. சித்திரை வெயிலில் மல்லி சீக்கிரம் பூவெடுத்துவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் இரசத்துக்கு ஆகும். புதினாத் தண்டையும் பொன்னாங்கண்ணித் தண்டையும் இலையைக் கிள்ளிக்கொண்டு மண்ணில் ஊன்றினால் கணுவில் வேர் விடும். சர்க்கரைவள்ளிக் கொடித் துண்டும் அப்படியே. கறிவேப்பிலை மரத்தின் பக்கத்தில் வேரிலிருந்து கிளம்பும் கன்றை மண்ணோடு பெயர்த்து நடலாம்.

நன்றாகப் பழுத்த தக்காளியைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி நாற்றுவிட்டோம். இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையிலிருந்து வரும் செடிகள் ஒன்றுபோல் இரா. ஒன்று குண்டாகவும் ஒன்று சிறுத்தும் காய்க்கும். வீட்டுக் குழம்புக்கு அது குறையல்ல. ஆனால் அதையே அரை ஏக்கருக்கு நட நினைப்பது தவறு.

பெரியம்மாவிடம் அடுப்படி உத்தரத்தில் புகைபட்டுக் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்த சுரைக்குடுக்கை ஒன்று இருந்தது. அதற்குள் சுரை விதை. சாம்பல் கலந்த இன்னொரு கலயத்தில் அவரை விதை. அவரை அப்போது போடக் கூடாது, ஆடிக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லி எடுத்து வைத்துவிட்டார். பூக்கும் காலத்தைப் பொழுதின் நீளம் தீர்மானிக்கிற பழைய பந்தல் அவரையை எப்போது போட்டாலும், நாள் குறுகும் பருவத்தில்தான் பூக்கும். அவர் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

எவ்வளவு வேண்டும்?

ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி என்று சத்துணவு நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. நால்வர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 1 கிலோ 200 கிராம். மாதத்துக்கு 36 கிலோ. இவ்வளவையும் புழக்கடையிலிருந்து எடுக்க 5 சென்ட் நிலம் ஒதுக்கி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, மாதவாரியாக இன்னது நடுக என்று நாங்கள் படம் போட்டுக் கொடுப்பது வழக்கம். இடமும் நீரும் உள்ளவர்களுக்கு அது சிறந்த திட்டந்தான். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுமனையே 3 சென்ட். ஆகவே முழுத் தேவையையும் எடுக்க வேண்டும் என்ற நினைப்பை விட்டுவிட்டு, தினம் ஒரு கீரையோ ஒரு காயோ வீட்டிலேயே கிடைத்தால் போதும் என்று கணக்கிட்டுக்கொண்டோம். அப்படிக் கணக்கிட்டால் ஒரு சென்ட் கூட வேண்டாம்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பா மகன் ஒருவர் வீட்டிலிருந்து நூறடி தள்ளிக் களத்துமேட்டில் அழகாகப் பத்துப் பாத்தி கட்டினார். என் பெரியம்மா பேரன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, கம்பெனி மூடியதால் ஊர் வந்தவன், பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டே பாத்தி போட்டான். ஆனியில் பார்த்தபோது களத்துமேட்டில் அறுகு மண்டிக் கிடந்தது. கல்லுக்குப் பக்கத்தில் தண்டங்கீரை இரண்டாம் தடவையாக அறுபட்டுக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவ வருகிற கை, போகிறபோது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றும், ஒரு களையைப் பிடுங்கும், காய்த்திருப்பதைப் பார்க்கும். நூறடி தள்ளியிருந்தால் அதற்கென்று ஒருவர் போக வேண்டும். அப்படிப் போக வேண்டியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். பாலும் சாணியும் சமையலும் போக அவருக்கு நேரம் ஏது?

சித்திரை, வைகாசியில் தண்ணீர்தான் பிரச்சினை. சோப்பு கலந்த கழிவுநீரை முதலில் வாழை, சேம்பு, கல்வாழை நட்ட குழிக்கு விடவேண்டும். நேரே கீரைப்பாத்திக்கு விடக் கூடாது. அரிசி, காய் கழுவிய நீரைக் கீரைக்கு ஊற்றலாம். சுரை, பாகல், அரசாணிக்கு ஒன்றரை அடிக் குழி எடுத்து, தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து மூடி, குழியின் நடுவில் பழைய மண்பானை ஒன்றை அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிக் கழுத்தளவு புதைத்தோம். பானையைச் சுற்றி நாலு விதை. பானையை நிரப்பினால் இரண்டு மூன்று நாளுக்குத் தாங்குகிறது. மேலே கரும்புச் சோகையும் வாழைச் சருகும் பரப்பிவிட்டால் மண் சூடேறாது. எங்கள் பகுதியில் சோகையை வயலிலேயே கொளுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வெயிலில் நன்றாக வந்தவை வெண்டை, கொத்தவரை, தண்டங்கீரை, சிறுகீரை. வெண்டை விதையை இரவு ஊறவைத்து ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றினால் 45 நாளில் முதல் காய். தக்காளி செடியாக வளர்ந்தது, பூ உதிர்ந்தது. இரவிலும் வெப்பம் குறையாத நாட்களில் தக்காளி பிடிக்காது. ஆடிக்காற்று அடித்த பிறகே காய் கண்டோம்.

சுரைக்கொடி பூத்ததும் பேரன் ஓடி வந்தான். "ஆத்தா, அத்தனை பூவும் உதிருது" என்றான். முதலில் வருபவை ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும் என்று சொன்னேன். பிறகு பெண் பூ வந்து, பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்தது. மகரந்தம் சேரவில்லை என்பதே அதன் பொருள். சுரைப்பூவும் பீர்க்கம்பூவும் மாலையில் மலர்பவை. அரசாணியும் பாகலும் விடியலில் மலர்பவை. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் காய் நிற்கும். சுரைக்கு விளக்கு வைக்கிற நேரத்திலும் அரசாணிக்குக் காலை எட்டு மணிக்குள்ளும் செய்ய வேண்டும். அவன் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டான். கம்பெனியில் இரவு எட்டு வரை தையல் இயந்திரத்தின் முன் இருந்தவனுக்கு மாலைப் பொழுது என்பதே அப்போதுதான் கிடைத்தது.

பூச்சியும் மயிலும்

வயலுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறதே என்று வீட்டு வெண்டைக்கு அடிக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: இன்று அடித்து நாளை பறித்துக் குழந்தைக்கு ஊட்டுகிற காயில் அந்த வேலை கூடவே கூடாது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குத் தெளிக்கக் கூடாது என்ற தடை பழைய தடை, இருந்தும் அடித்தார்கள். பத்துச் செடிக்குக் கையே போதும். கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய நுனியைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அந்தச் செடிக்கு வைத்தியம் இல்லை, பிடுங்கிவிட வேண்டியதுதான். பாகலில் பழ ஈ குத்திய காயைக் கீழே கிடக்கவிடாமல் எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும்.

அசுவினிக்கும் இளம் புழுக்களுக்கும் வேப்பங்கொட்டைப் பருப்பு ஏற்றது. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் தெளிக்கலாம். வேப்பம்பழம் உதிரும் ஆனி மாதத்தில் பொறுக்கி நிழலில் காயவைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு ஆகும்.

மயிலுக்கு இப்படி எளிய வைத்தியம் இல்லை. வண்டி ஓட்டமும் ஆள் நடமாட்டமும் குறைந்ததால் அவை வாசல் வரை வந்தன. முளைத்த கீரையைக் கொத்தின. தக்காளியில் ஒரு வாய் தின்றுவிட்டு அடுத்ததற்குப் போயின. மயில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் பறவை. விஷம் வைப்பது குற்றம், பாவமும் கூட. பழைய சேலைகளைப் பாத்தியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கட்டி, மேலே மீன்வலைத் துண்டைப் போட்டதில்தான் கீரை தப்பியது. பெரிய வயல்காரர்களுக்கு இது தீர்வல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் அலை

முதலாண்டில் எங்கள் ஊரில் பயம் இருந்தது, நோய் அவ்வளவாக இல்லை. 2021 மே மாதத்தில் அப்படி இல்லை. ஒரே தெருவில் நாலைந்து வீடுகள். வெளியே வர முடியாத வீடுகளின் சுற்றுச்சுவர் மேல் யாராவது ஒரு சுரைக்காயோ முருங்கைக்கீரைக் கட்டோ வைத்துவிட்டுப் போவார்கள். கூப்பிட்டுச் சொல்வதும் இல்லை. எதிர்வீட்டு அண்ணனை மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. குத்தகைக்கு ஓட்டிய ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் நடவுக்கு நிலம் தயாராக இருந்தது. சங்கத்தில் நகைக்கடன் இருந்தது. அவருடைய மனைவி குத்தகையை விட்டுவிட்டார். ஒரு கறவை மாட்டையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த கீரைப்பாத்தியையும் வைத்துக்கொண்டார். சாணிக்குக் குறைவில்லாததால் பாத்தி இரண்டிலிருந்து எட்டாயிற்று. வாரத்துக்கு இரு பாத்தி வீதம் விட்டு விட்டு விதைத்து, ஒரு மாதத்தில் சுற்றி வருகிறார். இப்போதும் காலையில் அவரிடம் கீரை வாங்க ஆள் வருகிறது. பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். பால் பணம் வருவதற்கு முன்னால் கையில் புழங்குகிற காசு அதுதான் என்று அவரே சொன்னார்.

முருங்கைக்கீரை தின்றால் கொரோனா வராது, நிலவேம்பும் மஞ்சளும் இருந்தால் ஊசி வேண்டாம் என்றெல்லாம் அந்நாட்களில் பேசினார்கள். மஞ்சள் விளைகிற ஊரில் மஞ்சளைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் கீரை உடம்புக்குச் சத்துத் தரும், அவ்வளவே. கடும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் பெரும்பாலோரைக் காத்தது 2021 ஜனவரியில் தொடங்கிய தடுப்பூசிதான். கீரையை ஊசிக்கு மாற்றாகச் சொன்னவர்கள் கீரைக்கும் நல்லது செய்யவில்லை. இந்தியாவில் 1911-க்கும் 1921-க்கும் இடையில்தான் மக்கள்தொகை குறைந்தது. 1918-ல் பரவிய விஷக்காய்ச்சலே முக்கியக் காரணம். அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்து, விலையும் ஏறியிருந்தது. அன்று கிராமத்தில் கீரைக்கும் மூலிகைக்கும் பஞ்சமில்லை, ஊசிதான் இல்லை.

எது நின்றது?

2020 ஜூன் மாதம் பனியன் கம்பெனிகள் திறந்ததும் பேரன் திருப்பூர் போய்விட்டான். ஊரடங்கில் போட்ட தோட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டு தாண்டவில்லை. அதில் வியப்பில்லை, கூலி வேலைக்குப் போனால் கிடைக்கும் காசில் சந்தையில் ஒரு பை காய் வாங்கலாம். நின்றவை எவை என்று பார்த்தால் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, வாழை, ஒரு பந்தல் கொடி, கல்லோரக் கீரைப்பாத்தி. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் பன்னிரண்டு வகை விதையை ஒரே நாளில் போடுவதைவிட, முதலில் மரமாக நிற்பவற்றை நட வேண்டும் என்பது என் கருத்து. செடிமுருங்கை பி.கே.எம். 1 விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு, கைக்கெட்டும் உயரத்திலேயே ஆண்டுக்குச் சுமார் 200 காய் தரும். நாட்டு முருங்கைக்கு மணிக்கட்டுப் பருமனில் நாலடிப் போத்து போதும். வெட்டுவாயில் சாணியை அப்பி நட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் இரண்டும் அழுகும்.

மரத்துக்கு அடுத்தபடியாகப் பந்தலுக்கு விதை சேர்த்து வையுங்கள். சுரையில் நல்ல காயாக ஒன்றைக் கொடியிலேயே முற்றவிட வேண்டும். காம்பு காய்ந்து, தோல் கட்டையாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும் வரை பறிக்கக் கூடாது. அப்படியே குடுக்கையாக உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த ஆண்டு வரை விதை கெடாது. அவரை நெற்று காய்ந்ததும் உரித்து, சொத்தையை நீக்கி, காய்ந்த சாம்பலில் புரட்டிக் கலயத்தில் வைத்து வாயை மண் பூசி மூட வேண்டும். அரசாணி விதையைக் கழுவி நிழலிலும், காலை மாலை இளவெயிலிலும் காயவைக்கலாம். பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட வெயிலில் மட்டும் போடக் கூடாது, முளைப்புத்திறன் கெட்டுவிடும்.